“கணவன்தான் ஏதோ செய்திருப்பான்!”

காணாமற்போன ஒரு பெண், வாய் திறக்காத ஒரு கணவர், விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிய ஊர். 1926இல் நடந்த கதை இன்று நம் கைப்பேசிக்குச் சொல்லும் பாடம்.

புலனக் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. சிரித்த முகத்துடன் ஒரு பெண். மேலே சிவப்பு எழுத்தில் ‘காணவில்லை’. கீழே ஒரு தொலைபேசி எண். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் கணவர் நிருபர்களிடம் பேசும் காணொளியும் வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு கருத்துகள் கொட்டத் தொடங்குகின்றன.

“கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, பாத்தீங்களா?”

“பேசும்போது தலையைக் குனிஞ்சுக்கிறாரு. ஏதோ மறைக்கிறாரு.”

“எழுதி வச்சுக்கோங்க, புருஷன்தான்!”

இப்படி ஒரு காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிலர் ஒரு வரி எழுதியும் இருப்போம். அந்தப் பெண்ணின் மீது நமக்கு இருக்கும் அக்கறையால்தான் எழுதுகிறோம். ஆனால் அந்த ஒரு வரி யாரைப் போய்ச் சேர்கிறது, என்ன செய்கிறது என்று யோசிப்பதில்லை.

இதை டிக்டாக் காலத்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம். தொலைக்காட்சிகூட இல்லாத காலத்தில், சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நாடே இப்படி ஒரு கணவரைச் சுற்றி நின்று தீர்ப்பு எழுதியது. காணாமற்போனவர் சாதாரணப் பெண் அல்லர். துப்பறியும் கதைகளின் அரசி என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய அகதா கிறிஸ்டி.

பள்ளத்தின் அருகே ஒரு கார்

1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. லண்டனுக்கு மேற்கே சன்னிங்டேல் என்ற ஊரில் கணவர் ஆர்ச்சியுடனும் 7 வயது மகளுடனும் வாழ்ந்துவந்த அகதா, அன்றிரவு காரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 36. ஆறு நாவல்கள் வெளிவந்திருந்தன. அந்த ஆண்டு வந்த ஆறாவது நாவலான ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ அவருக்குப் பெரும் புகழைத் தந்திருந்தது.

மறுநாள் காலை அவருடைய கார் மட்டும் கிடைத்தது. சர்ரே வட்டாரத்தில் நியூலண்ட்ஸ் கார்னர் என்னும் மேட்டுப் பகுதியில், ஒரு சுண்ணாம்புப் பள்ளத்துக்கு அருகே அது நின்றுகொண்டிருந்தது. உள்ளே குளிர்காலத்தில் அணியும் ரோம மேலங்கி, துணிகள் வைத்த பெட்டி, காலாவதியான வாகனமோட்டும் உரிமம். ஓட்டிவந்தவரைக் காணோம்.

இங்கிலாந்தின் டிசம்பர் மாத இரவில் மேலங்கியைக் காரிலேயே விட்டுவிட்டு ஒருவர் எங்கே நடந்து போயிருப்பார்? அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. செய்தி பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு ஏறியது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழும் அதை முதல் பக்கத்தில் போட்டது.

ஆயிரக்கணக்கான காவலர்களும் பொதுமக்களும் அந்த மேட்டுப் பகுதியைச் சல்லடை போட்டுத் தேடினர். மோப்ப நாய்கள் வந்தன. வானூர்திகள் பறந்தன. ‘சைலண்ட் பூல்’ என்று பெயர்பெற்ற அருகிலிருந்த குளத்திலும் தேடினார்கள். ஒரு நாளிதழ் 100 பவுன் வெகுமதி அறிவித்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், அகதாவின் கையுறை ஒன்றைப் பெற்று, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் கொடுத்துக் கேட்டார். இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான டோரதி சேயர்ஸ் கார் நின்ற இடத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

எல்லார் கண்ணும் கணவர் மீது

அகதாவைத் தேடிய கண்கள் விரைவில் ஆர்ச்சியின் பக்கம் திரும்பின. அதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. அவருடைய நடத்தையில் சந்தேகப்படும்படியான பல விஷயங்கள் இருந்தன.

முதலாவது, மனைவி வீட்டைவிட்டுப் போன இரவில் அவர் வீட்டில் இல்லை. கோடால்மிங் என்ற ஊருக்கு அருகே நண்பர்கள் வீட்டில் வார இறுதியைக் கழிக்கப் போயிருந்தார். கார் கண்டெடுக்கப்பட்ட இடம் அங்கிருந்து சில மைல் தூரம்தான். இரண்டாவது, அதே விருந்துக்கு இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் நீல். ஆர்ச்சி அவரைக் காதலித்தார். சில மாதங்களுக்கு முன்னரே அகதாவிடம் மணவிலக்கும் கேட்டிருந்தார். மூன்றாவது, தமக்கும் மனைவிக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை என்று நிருபர்களிடம் மறுத்தார். நான்காவது, மனைவி தமக்கு எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில் என்ன இருந்தது என்பதை அவர் வெளியில் சொல்லவில்லை. இவை போதாதென்று, நினைத்த நேரத்தில் காணாமற்போவது பற்றித் தம் மனைவி முன்பே பேசியிருக்கிறார் என்று ஒரு நாளிதழுக்குப் பேட்டியும் கொடுத்தார்.

இன்றைய கருத்துப் பகுதியில் இப்படி ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வேறு பெண்ணுடன் தொடர்பு, மறைத்த கடிதம், மறுத்த சண்டை, மனைவி மீதே பழிபோடும் பேட்டி. ‘கொன்றுவிட்டான்’ என்று முடிவுகட்ட நமக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அன்றும் அதுதான் நடந்தது. மனைவியைக் கொன்று எங்கோ மறைத்துவிட்டார் என்றது ஒரு பேச்சு. துயரம் தாளாமல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றது இன்னொரு பேச்சு. புத்தகம் விற்க எழுத்தாளர் போடும் நாடகம் என்றது மூன்றாவது பேச்சு. எட்கர் வாலஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், தம்மைப் புண்படுத்திய ஒருவரை வருத்துவதற்காகவே அகதா இப்படிச் செய்திருக்கிறார் என்ற தொனியில் பத்திரிகையில் எழுதினார். மாறுவேடம் போட்டிருந்தால் எப்படி இருப்பார் என்று அகதாவின் படத்தைப் பலவிதமாக மாற்றி அச்சிட்டது ஒரு நாளிதழ். காவல்துறை ஆர்ச்சியைக் கண்காணித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வடக்கே ஒரு விடுதியில்

டிசம்பர் 14ஆம் நாள் கதை திரும்பியது. அகதா உயிரோடு இருந்தார். தேடல் நடந்த இடத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, யார்க்‌ஷர் வட்டாரத்தின் ஹாரோகேட் நகரில், நீர்ச்சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஒரு தங்கும் விடுதியில் அவர் இருந்தார்.

கார் கண்டெடுக்கப்பட்ட அதே நாளில்தான் அங்கே அறை எடுத்திருந்தார். பதிவேட்டில் எழுதியிருந்த பெயர் திருமதி தெரேசா நீல், ஊர் கேப்டவுன். ஆம், கணவர் காதலித்த பெண்ணின் குடும்பப் பெயர்! மற்ற விருந்தினர்களோடு பேசினார், இசை கேட்டார், நடனமும் ஆடினார். தெரேசா நீலின் உறவினர்கள் தொடர்புகொள்ளுமாறு ‘டைம்ஸ்’ நாளிதழில் ஒரு விளம்பரமும் கொடுத்தார். அந்த விளம்பரம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் சர்ரே மேடுகளில் அவருடைய சடலத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இறுதியில் அவரை அடையாளம் கண்டது பெரிய துப்பறிவாளர் யாரும் இல்லை. அந்த விடுதியில் வாசித்த இசைக்குழுவினர். அவர்கள் பத்திரிகைக்கு ஓடவில்லை, காவல்துறையிடம் சொன்னார்கள். ஆர்ச்சி வடக்கே போய் மனைவியை அடையாளம் காட்டினார். அவருக்கு நினைவிழப்பு ஏற்பட்டிருந்தது என்று மருத்துவர்கள் கூறினர். அந்த ஆண்டு ஏப்ரலில் தாயை இழந்து, ஆகஸ்ட்டில் கணவரின் மணவிலக்குக் கோரிக்கையையும் கேட்டுத் தளர்ந்துபோயிருந்தவர் அவர்.

இதில் நம்மைச் சுடவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டைவிட்டுப் போன கையோடு அகதா, ஆர்ச்சியின் தம்பிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். யார்க்‌ஷரில் உள்ள ஒரு நீர்ச்சிகிச்சை நகருக்கு ஓய்வுக்காகப் போவதாக அதில் குறிப்பிட்டிருந்தார். அதாவது, விடையைச் சுட்டும் குறிப்பு தொடக்கத்திலேயே கையில் இருந்தது. ஆனால் சர்ரே காவல்துறையின் துணைத் தலைவர் வில்லியம் கென்வர்ட், சடலம் அந்த மேட்டுப் பகுதியில்தான் எங்கோ கிடக்கிறது என்ற எண்ணத்திலிருந்து மாறவே இல்லை. ‘இறந்துவிட்டார்’ என்ற கதை மனத்தில் ஊன்றிவிட்டதால், ‘ஓய்வெடுக்கப் போகிறேன்’ என்ற வரி கண்ணில் பட்டும் கருத்தில் ஏறவில்லை.

ஊகத்தின் முதல் தீங்கு இதுதான். அது தப்பான மனிதரைக் குறிவைக்கும் என்பது பிறகு. முதலில் அது தேடுபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

பொய் உண்மை, கொலை பொய்

இப்போது ஆர்ச்சியின் கதையை மறுபடியும் பாருங்கள். ஊரார் கவனித்தது எதுவும் தவறில்லை. அவர் மறைத்தார் என்பது உண்மை. வேறு பெண்ணை விரும்பினார் என்பதும் உண்மை. 1928இல் மணவிலக்கு முடிந்ததும் அந்தப் பெண்ணையே மணந்தும்கொண்டார். நல்ல கணவரா என்று கேட்டால், அந்த ஆண்டைப் பொறுத்தவரை இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் அவர் மறைத்தது காதலை, கொலையை அல்ல. ஒருவர் பொய் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. எதை மறைக்கப் பொய் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது வேறொன்று. முதலாவதைக் கண்டவுடன் இரண்டாவதையும் கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் நாம் எல்லாரும் சறுக்கும் இடம். வெட்கத்தால் மறைப்பவர் உண்டு. அச்சத்தால் மறைப்பவர் உண்டு. குடும்ப மானம் கருதி மறைப்பவரும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது அவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

முகத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஓர் ஆய்வை அறிந்துகொள்ள வேண்டும். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 2006இல் இதைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒருவர் பேசுவதை மட்டும் கவனித்து அது பொய்யா மெய்யா என்று சொல்லும்போது, மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டால் கிடைப்பது 50 விழுக்காடு. நம் ‘முகம் பார்க்கும் திறமை’ அதைவிட நான்கு விழுக்காடுதான் கூடுதல்!

துக்கத்துக்கும் ஒரே முகம் கிடையாது. நம் வீட்டு இறப்பு வீடுகளிலேயே பார்த்திருப்போம். ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். இன்னொருவர் வந்தவர்களுக்குத் தேநீர் கலந்து கொடுத்துக்கொண்டே இருப்பார். அவர் உடைந்து அழுவது 16ஆம் நாள் கருமக்கிரியை முடிந்து எல்லாரும் போன பிறகாக இருக்கும். கேமராவுக்கு முன்னால் 30 வினாடி அழாதவரை வைத்து நாம் என்ன முடிவுக்கு வந்துவிட முடியும்?

அப்படியானால் சந்தேகமே கூடாதா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். “காணாமற்போன எத்தனையோ பெண்களின் கதையில் கணவன்தானே குற்றவாளியாக இருந்திருக்கிறான்?” உண்மைதான். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தம் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டனர். சராசரியாக ஒரு நாளைக்கு 140 பேர். ஆகவே, ஒரு பெண் காணாமற்போனால் காவல்துறை முதலில் வீட்டுக்குள் பார்ப்பது சரிதான். பார்க்காமல் விடுவதுதான் தவறு.

பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று இருக்கிறது. 1982 ஜனவரியில் சிட்னி நகரின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த லினெட் டாசன் என்ற இளம் தாய் காணாமற்போனார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். கணவர் கிறிஸ் டாசன் ரக்பி விளையாட்டாளராகப் பெயர்பெற்று, உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவர். பள்ளியில் தம்மிடம் படித்த ஒரு பெண்ணுடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. லினெட் காணாமற்போன சில நாள்களிலேயே அந்தப் பெண் அவருடைய வீட்டுக்குக் குடிவந்தார். மனைவியைக் காணவில்லை என்று கணவர் காவல்துறையிடம் புகார் கொடுத்ததோ பல வாரங்களுக்குப் பிறகு. “தனியாக இருக்கச் சில நாள் வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாள்” என்ற அவருடைய விளக்கம் பல ஆண்டுகள் பெரிதாகக் கேள்வி கேட்கப்படாமல் நின்றது.

2001லும் 2003லும் மரண விசாரணைகள் நடந்தன. ஆதாரம் போதாது என்று வழக்கு தொடரப்படவில்லை. 2018இல் ஒரு செய்தியாளர் தயாரித்த வலையொலித் தொடர் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. கோடிக்கணக்கான முறை அது பதிவிறக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கிறிஸ் டாசன் கைது செய்யப்பட்டார்.

அப்படியென்றால் மக்களின் பேச்சு நீதியைக் கொண்டுவந்ததல்லவா? பாதி உண்மை. மறுபாதியையும் கேளுங்கள். அதே தொடரால் வழக்கு கவிழ்ந்துவிடும் ஆபத்தும் வந்தது. நாடு முழுவதும் கேட்டு, பேசி, முடிவுகட்டிவிட்ட ஒரு வழக்குக்கு நடுநிலையான நடுவர் குழுவை எங்கே தேடுவது? 2020இல் ஒரு நீதிபதி அந்த விளம்பரத்தைக் கடுமையாகக் கண்டித்து, விசாரணையைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தார். தொடரும் ஆஸ்திரேலியாவில் கேட்க முடியாதபடி நீக்கப்பட்டிருந்தது. கடைசியில் நடுவர் குழுவே இல்லாமல், நீதிபதி ஒருவர் மட்டும் 2022இல் வழக்கை விசாரித்தார்.

நீதிபதி இயன் ஹாரிசன் 2022 ஆகஸ்ட் 30ஆம் நாள் தீர்ப்பை வாசித்தபோது ‘இவர் முகம் சரியில்லை’ என்று சொல்லவில்லை. குழந்தைகள் மீது உயிரையே வைத்திருந்த தாய், ஒரு முறைகூட அவர்களைத் தொடர்புகொள்ளாமல் இருந்திருக்க முடியுமா என்று பார்த்தார். காணாமற்போன பிறகு மனைவி தம்மைத் தொலைபேசியில் அழைத்ததாகக் கணவர் சொன்னதைச் சோதித்தார், அது பொய் என்று கண்டார். லினெட்டைப் பார்த்ததாகச் சொன்னவர்களின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, எதுவும் நம்பத்தக்கதில்லை என்று ஒதுக்கினார். அதே வேளையில், கூலிக்கு ஆள் வைத்துக் கொல்ல முயன்றார் என்று அரசுத்தரப்பு சொன்ன ஒரு குற்றச்சாட்டை, அது நிரூபிக்கப்படவில்லை என்று ஏற்க மறுத்தார். குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் ஒருவருக்கு எதிராகக்கூட நிரூபிக்கப்படாத ஒன்றைச் சேர்க்கக் கூடாது என்ற அந்த ஒழுக்கத்தைக் கவனியுங்கள். கிறிஸ் டாசனுக்கு 24 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2024இல் அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இரண்டு கணவர்களையும் அருகருகே வையுங்கள். இருவருக்கும் வேறொரு பெண் இருந்தார். இருவரும் பொய் சொன்னார்கள். இருவர் மீதும் ஊர் சந்தேகப்பட்டது. ஒருவர் கொலையாளி, மற்றவர் கொலையாளி அல்லர். நடத்தையை மட்டும் வைத்து இவர்களைப் பிரித்தறிய யாராலும் முடிந்திருக்காது. பிரித்தது சான்று.

சட்டம் நடத்தையை எப்படிப் பார்க்கிறது?

சட்டம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 8ஆவது பிரிவு நடத்தையைப் பற்றியது. சிங்கப்பூரின் சாட்சியச் சட்டத்திலும் 8ஆவது பிரிவு இதையே பேசுகிறது. இரண்டுக்கும் மூலம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம்.

ஒருவரின் நடத்தையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அந்தப் பிரிவு. சம்பவத்துக்கு முந்திய நடத்தை, பிந்திய நடத்தை இரண்டையும் பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நடத்தைக்கும் வழக்கில் கேள்விக்குரிய விஷயத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும். இரத்தக்கறை படிந்த சட்டையை ஒளித்து வைப்பது தொடர்புள்ள நடத்தை. செய்தியாளர் முன் கண் கலங்காதது எதற்குத் தொடர்பு என்று சொல்வது? அதற்குப் பிறகும் அந்த நடத்தைக்கு வேறு விளக்கம் உண்டா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். நம் கருத்துப் பகுதியில் குறுக்கு விசாரணை கிடையாது.

நடுவர் குழு முறை நம்மிடம் இப்போது இல்லை. சிங்கப்பூர் 1969இல் அதை ஒழித்தது. மலேசியாவில் 1995இல் அது முற்றாக முடிவுக்கு வந்தது. நீதிபதிதானே விசாரிக்கிறார், நாம் பேசினால் என்ன என்று சிலர் கேட்கலாம். நீதிபதியின் மனம் உறுதியாக இருக்கலாம். ஆனால் சாட்சிகள் நம்மைப் போன்றவர்கள்தாம். பத்து நாள் காணொளி பார்த்த அண்டைவீட்டுக்காரர், அன்றிரவு தாம் கேட்டது என்ன, டிக்டாக்கில் கேட்டது என்ன என்று பிரித்துச் சொல்ல முடியாமல் தடுமாறலாம். உண்மையிலேயே குற்றம் செய்தவர் அந்தத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவும் கூடும். ‘அவளுக்கு நீதி வேண்டும்’ என்று நாம் எழுதும் வரியே அவளுக்கான நீதிக்குக் குழி பறித்துவிடக் கூடாது.

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தொலைந்த சிலம்பைப் பற்றிப் பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஆணையிட்டான் பாண்டியன். உண்மை தெரிந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. அன்று தவறு செய்ய ஓர் அரசன் வேண்டியிருந்தது. இன்று இணையத் தொடர்பு இருந்தால் போதும்.

நம் விரல் என்ன செய்யலாம்?

அக்கறையே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. அக்கறையைச் சரியான வழியில் செலுத்தலாம்.

ஒருவர் காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது திரைப்படங்கள் பரப்பிய தவறான எண்ணம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உடனே காவல்துறையில் புகார் செய்யலாம். தோழி ஒருத்தியின் வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால், அவள் காணாமற்போகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியரிடமோ பெரியவரிடமோ சொல்லுங்கள். லினெட்டுக்கு நேர்ந்ததைப்போல, எல்லாரும் பார்த்தும் யாரும் பேசாமல் இருப்பதும் ஒரு குற்றமே.

‘காணவில்லை’ அறிவிப்பைப் பகிரும் முன் அது காவல்துறையோ குடும்பத்தினரோ வெளியிட்டதா என்று பாருங்கள். தேதியைப் பாருங்கள். அவர் கிடைத்துவிட்டார் என்று தெரிந்தால் பகிர்ந்ததை நீக்கிவிடுங்கள். வீடு திரும்பிய பெண்ணின் படம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருப்பது அவருக்குப் பெரும் துன்பம்.

ஏதாவது பார்த்திருந்தால், ஹாரோகேட் இசைக்குழுவினர் செய்ததைச் செய்யுங்கள். காவல்துறையிடம் சொல்லுங்கள். கணவரின் முகவரி, வேலையிடம், காரின் எண் ஆகியவற்றைத் தேடியெடுத்துப் போடுவது துப்பறிதல் அன்று. அடுத்தவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது சிங்கப்பூரில் 2020 முதல் குற்றம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் பொய்யான அல்லது அச்சுறுத்தும் செய்திகளை அனுப்புவதைத் தண்டிக்கிறது. மாணவர் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

கருத்து எழுதுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இது எனக்குத் தெரியுமா, அல்லது எனக்குத் தோன்றுகிறதா?’ தோன்றுவது மட்டும்தான் என்றால், விரலைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்.

சொல்லப்படாத பதினொரு நாள்கள்

அகதா கிடைத்த பிறகாவது ஊர் அடங்கியதா என்றால், அதுவும் இல்லை. கணவர் மீதிருந்த கோபம் அப்படியே மனைவி மீது திரும்பியது. “எல்லாம் விளம்பரம். தேடிய செலவை யார் கொடுப்பது?” என்று ஏசினார்கள். கொலையாகியிருந்தால் கண்ணீர் விட்டிருப்பவர்கள், உயிரோடு வந்ததற்காகக் கோபித்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதிய கதை பொய்த்துப்போனதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அகதா 1930இல் தொல்லியலாளர் மேக்ஸ் மாலோவனை மணந்தார். 66 துப்பறியும் நாவல்கள் எழுதி, 1976இல் மறைந்தார். மறுஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாறு பருமனான நூல். குழந்தைப் பருவம், போர்க்காலம், பயணங்கள் என எல்லாம் அதில் உண்டு. அந்தப் பதினொரு நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த வீட்டில் 7 வயது மகள் ஒருத்தி இருந்தாள் என்று தொடக்கத்தில் சொன்னோம். அவள் வளர்ந்து பெரியவளானபோது, பழைய நாளிதழ்கள் நூலகத்தில் தூசு படிந்து கிடந்தன. இன்று காணாமற்போகும் தாயின் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தன் அப்பாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் ஊர் எழுதிய ஒவ்வொரு வரியும், அந்தப் பிள்ளைக்குக் கைப்பேசி கிடைக்கும் நாளில் அப்படியே காத்திருக்கும். அவற்றில் ஒன்று நாம் எழுதியதாக இருக்கவேண்டாம்.